மடியில் போகும் பிள்ளைக்கு எடை கிடையாது

முருகன் துணை

செம்பூர், பம்பாய்
8-2-1967

என் தங்கம் சண்முகவடிவுக்கு,

அக்கா ஆறுமுகத்தாய் ஆசீர்வாதம். எழுத்து அங்கங்கே கோணியிருந்தால் என்னைத் திட்டாதே, உன் மகளைத் திட்டு. என் மடியில் உட்கார்ந்துகொண்டு பேனா மூடியைப் பிடுங்கி வாயில் வைத்திருக்கிறாள். சொர்ணத்துக்குக் கீழ்ப்பல் இரண்டும் முளைத்துவிட்டன. கடித்துப் பார்க்க உன் அத்தானின் விரல்தான் கிடைத்தது. மனுஷர் வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

உன் கடிதம் கிடைத்தது. எக்ஸ்ரே படத்தில் நெஞ்சு தெளிந்துவிட்டது, அடுத்த மாதம் பஞ்சகனியிலிருந்து இறங்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதைப் படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிரசவம் முடிந்த கையோடு உனக்கு இருமல் கண்டு, பிள்ளையைத் தொடவே கூடாது என்று அந்த மலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களே, அன்றைக்கு வாசலில் நின்று அவளைக் காட்டினேன். நீ இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாய். வடிவு, அந்தக் கைகளுக்கு இனி நிறைய வேலை வரப்போகிறது. முட்டை நாறுகிறது என்று ஒதுக்காமல் சாப்பிடு.

லண்டனிலிருந்து உன் வீட்டுக்காரரும் எழுதியிருக்கிறார். டிக்கெட்டுக்கு ஏற்பாடு ஆகிவிட்டதாம். மார்ச் கடைசியில் நீயும் சொர்ணமும் ஏரோப்ளேனில் போகிறீர்கள். கப்பல் என்றால் நாலு ட்ரங்குப் பெட்டி ஏற்றியிருக்கலாம். இத்தனை நாள் கடல் காற்று உன் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் ஆகாய மார்க்கம். அப்பா முகத்தையே பார்க்காத பிள்ளை அவரைப் பார்க்க மேகத்துக்கு மேலே போகிறாள் என்று நினைத்தால் எனக்கே தலை லேசாகச் சுற்றுகிறது.

உன் அத்தான் பட்டறைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ரயிலேறிக் கோட்டைப் பகுதியில் உள்ள விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சட்டதிட்டமெல்லாம் விசாரித்து வந்தார். உனக்கு இருபது கிலோ. அதற்கு மேல் ஒரு துரும்பு கூடினாலும் தனியாகக் கட்டணம். சொர்ணம் மடியில் போகிற பிள்ளை என்பதால் அவள் பெயருக்கு ஒரு கிலோகூடக் கிடையாது. நான் பொசுக்கென்று கோபப்பட்டுவிட்டேன். நம்மிலேயே அதிகச் சாமான் அவளுக்குத்தானே! அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னார். பிள்ளையைப் படுக்கவைக்கிற கூடை, வழியில் குடிக்கிற பால், மாற்றுத்துணி, இதையெல்லாம் எடைக்கு வைக்க மாட்டார்களாம். குடை, ஓவர்கோட்டு, கைப்பை இதற்கும் எடை இல்லை.

இனிமேல்தான் உன் அத்தானின் பிரதாபம் இருக்கிறது. அந்த ஆபீஸில் இருந்த பார்சிப் பெண், ஏரோப்ளேனுக்குள் முன்வரிசையில் குழந்தைக்குத் தொங்கு தொட்டில் மாட்டித் தருவோம் என்று சொன்னாளாம். தொங்கு தொட்டில் என்று காதில் விழுந்ததும் இவருக்கு நம் வீட்டுத் தூளிதான் கண்ணில் தெரிந்திருக்கிறது. உடனே தமக்குத் தெரிந்த இந்தியில், "சாடி ஹம் லாயேகா, ஆப் கொக்கி திகாவ்" என்றிருக்கிறார். சேலை நாங்கள் கொண்டுவருகிறோம், கொக்கி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள் என்று! அவளுக்குக் கொக்கி புரியவில்லை, சேலை மட்டும் புரிந்திருக்கிறது. சேலையைத் தாராளமாக உடுத்திக்கொண்டு வரட்டும், உடம்பில் இருப்பதை நாங்கள் நிறுப்பதில்லை என்றாளாம். இவரும் காரியம் முடிந்ததென்று கைகூப்பிவிட்டு வந்துவிட்டார். "ஏரோப்ளேனுக்குள்ள உத்தரம் இருக்காம்ளா!" என்று ரயிலிறங்கி வந்ததும் வராததுமாக எனக்குச் சேதி.

அதைக் கேட்டதிலிருந்து வேலைக்கு நடுவே என் மனது எங்கோ போய்விடுகிறது. சாயங்காலம் மாகூல் பக்கம் எண்ணெய்க் கம்பெனிச் சுடர் எரியும்போது சொர்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன். தலைக்கு மேலே ஒரு விளக்கு நகர்ந்து சாந்தாகுருஸ் ஏர்போர்ட் பக்கம் போகும். அதற்குள் நம் தூளி ஒன்று தானாக ஆடிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்வேன். சொர்ணமும் அண்ணாந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். முருகன் உன்னைக் கீழே இறக்கிக் கொண்டுவருவான்.

உன் அக்கா,
ஆறுமுகத்தாய்

---

செம்பூர்
5-3-1967

அன்பு வடிவுக்கு,

நீ இறங்கி வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டுமே என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். கொஞ்சம் சிரிக்கிற சமாச்சாரம் இருக்கிறது. கொஞ்சம் வேறு மாதிரியும் இருக்கிறது.

மாட்டுங்கா மார்க்கெட்டில் பிரம்புக் கூடை வாங்கிவிட்டோம். நல்ல அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. கூடைக்கு எடை கிடையாது என்பதை உன் அத்தான் பெருமையாக யாரிடமோ சொல்ல, அது நம் வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. மாடிவீட்டுப் பாகீரதி அப்பளக்கட்டோடு வந்தாள். மெத்தைக்கு அடியில் பரப்பிவிட்டால் தெரியாது என்று யோசனை வேறு. பக்கத்து வீட்டு ரஷீதா ஒரு டப்பா அல்வா. சுண்டவத்தல், பெருங்காயம், மாவடு ஜாடி, கடைசியில் ஒருத்தி தேங்காய்த் துருவியைக் கொண்டுவந்தாளே, அதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினால் உன் அத்தானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குத்தான் கூடையில் இடமில்லை. "லண்டன்ல என்ன கடையா வைக்கப்போறா?" என்று ஒரு சத்தம் போட்டேன். ஆனாலும் அப்பளத்தையும் அல்வாவையும் எடுக்க மனது வரவில்லை.

தொங்கு தொட்டில் சங்கதியும் தெளிந்துவிட்டது. ரஷீதாவின் தம்பி உதுமான் ஏர்போர்ட்டில் சாமான் ஏற்றும் வேலையில் இருக்கிறான். அது துணித்தூளி இல்லையாம், சின்னப் பெட்டி மாதிரி சுவரில் மாட்டுவார்களாம். உத்தரமும் கிடையாது, கொக்கியும் கிடையாது. உன் அத்தானுக்கு ஒருநாள் முழுக்க முகம் தொங்கிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை வடிவு. காரணம் சொல்கிறேன்.

உன் மகளுக்குக் கூடை பிடிக்கவில்லை. தினமும் மத்தியானம் படுக்கவைத்துப் பார்க்கிறேன். கடையில் விலைக்கு வைத்ததுபோல என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அப்புறம் வீடு இரண்டாகும். தூளியில் போட்டால்தான் தூக்கம். அதுவும் என் பழைய கிளிப்பச்சைச் சுங்குடிச் சேலையில் கட்டின தூளி. நேற்று உன் பெட்டியைத் திறந்து உன் ஊதாச் சேலையை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். வரும்முன்னே உன் வாசனை பழகட்டும் என்று நினைத்தேன். உள்ளே போட்டதும் மூக்கைத் துணியில் உரசினாள். கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். அழுகையென்றால் அப்படி ஒரு அழுகை. மறுபடி சுங்குடியைக் கட்டினேன். உடனே கண்ணைச் செருகினாள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் கழித்து வெட்கமாகப் போய்விட்டது. உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

உன் கல்யாணப் படத்தைக் காட்டி "அம்மா" என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். படத்தைப் பார்த்து "ம்மா" என்கிறாள். திரும்பி என்னைப் பார்த்தும் அதையேதான் சொல்கிறாள். நான் பெரியம்மாடீ, பெரியம்மா என்றால் சிரிக்கிறாள். அவ்வளவு பெரிய வார்த்தைக்கு அந்த நாக்கு எங்கே புரளும்? எனக்கு ஒரு பிள்ளை இல்லை என்று உன் அத்தானோ மற்றவர்களோ ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தக் குறையே எனக்கு இத்தனை மாதமாக மறந்துபோயிருந்தது. இப்போது ஞாபகம் வருகிறது.

ஒரு கனவு கண்டேன். ஏரோப்ளேன் என்று நினைத்து ஏறினால் உள்ளே நம் ஹார்பர் லைன் ரயில் வண்டி மாதிரி நீளமாக இருக்கிறது. கூரையில் கைப்பிடி தொங்குமே, அங்கெல்லாம் தூளி. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று எத்தனையோ சேலை. வண்டி வளைகிறபோது எல்லாத் தூளியும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. கீழே கடல் தெரிகிறது. நான் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக்கொண்டே போகிறேன். எல்லாம் தூங்குகிற பிள்ளைகள். பச்சைத் தூளி மட்டும் எங்கே என்று தெரியவில்லை. பயமும் இல்லை, அழுகையும் இல்லை, நடந்துகொண்டே இருந்தேன். பால்காரன் மணி அடித்ததும் விழிப்பு வந்தது.

நீ வந்ததும் அவள் உன்னிடம் பாய்ந்து வருவாள் என்று எதிர்பார்க்காதே. அழுதால் மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் குற்றமில்லை. உன் குற்றமும் இல்லை. என் குற்றமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன் அக்கா,
ஆறுமுகத்தாய்

---

செம்பூர்
30-3-1967

லண்டனில் இருக்கும் என் கண்ணான தங்கை வடிவுக்கும், அவள் வீட்டுக்காரருக்கும், குட்டிச் சொர்ணத்துக்கும்,

மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்று முகவரி எழுதும்போதே மனது நிறைந்துவிட்டது. நல்லபடி சேர்ந்தாச்சு என்ற தந்தி வந்தது. உன் அத்தான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறையில் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தார். நாங்கள் இங்கே தினமும் அப்பளம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஏன் என்று உனக்குத் தெரியும்.

உனக்கு நடந்ததை உனக்கே எழுதுகிறாளே என்று நினைக்காதே. ஏர்போர்ட்டில் நீ அந்தப் பக்கம் திரும்பி நின்றாய். நான் கம்பிக்கு வெளியே நின்று என்னென்ன பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. அதுவுமல்லாமல், நீ இங்கே இருந்த நாட்களில் நாம் இரண்டு பேரும் சொல்லாமல் விழுங்கியது நிறைய. முகம் பார்த்துச் சொல்ல வராதது எழுத்தில் வருகிறது.

நீ வந்த அன்று கையை நீட்டினாய். சொர்ணம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீ "இருக்கட்டும்க்கா" என்று சிரித்தாய். அப்புறம் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாய். தூளிக்குக் கீழே உட்கார்ந்து ஆட்டுவாய், அவள் துணியை விலக்கி எட்டிப் பார்ப்பாள், ஆட்டுகிற கை யாருடையது என்று தெரிந்ததும் உதடு பிதுங்கும். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவேன். வராமல் இருந்திருக்க வேண்டும். கால் கேட்கவில்லை வடிவு.

கரீம் பாட்சா அண்ணனின் பழைய இரும்புக் கடைத் தராசில் பெட்டியை நிறுத்துப் பார்த்தோமே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, வலிக்கவும் செய்கிறது. ஆணி, தகரம் நிறுக்கிற தட்டில் லண்டன் பெட்டி. தட்டு டப்பென்று கீழே போயிற்று. இட்லிக் கொப்பரையை எடுத்தாய். உன் வீட்டுக்காரரின் புஸ்தகக் கட்டை எடுத்தாய். தட்டு அசையவில்லை. மேலாக நான் மடித்து வைத்திருந்த என் சுங்குடியையும் எடுத்து என் கையில் கொடுத்தாய். ஒரு சேலை என்ன பெரிய எடை என்று கேட்டேன். "எடைக்காக இல்லக்கா. இது இருந்தா அவ என்னிக்கும் ஒங்கிட்டதான் தூங்குவா" என்றாய். பாட்சா அண்ணன் காதில் விழாததுபோல எடைக்கல்லை அடுக்கினார். எனக்குக் கோபம். நீ சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம்.

கிளம்புகிற அன்று நீ குளிக்கப் போனபோது அந்தச் சேலையை நாலாக மடித்துக் கூடை மெத்தைக்கு அடியில், அப்பளத்துக்கும் அல்வாவுக்கும் மேலே விரித்துவிட்டேன். உனக்குப் போட்டியாகச் செய்யவில்லை. அத்தனை உயரத்தில், ஏரோப்ளேனின் முன்பின் தெரியாத சத்தத்தில் பிள்ளை வீறிட்டால் நீ என்ன செய்வாய்? அதை நினைத்துத்தான் செய்தேன். நம்பினால் நம்பு.

கவுண்டரில் பெட்டி தப்பித்தது. கூடையைத் தூக்கிய ஆள் முகம் சுளித்தான். பிள்ளை இவ்வளவு கனமா என்று கேட்டிருப்பான். உன்னைப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு மெத்தையைப் புரட்டினான். அத்தனை ஜனத்துக்கு நடுவே அப்பளக்கட்டு, அல்வா டப்பா, எல்லாம் வெளியே வந்தன. உன் அத்தான் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். சொர்ணம் உன் கையில் வில்லாக வளைந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துக் கையை நீட்டி வீறிட்டாள். அந்த வெக்கையில் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, எக்ஸ்ரே படக் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேர்த்து ஒழுகி நீ நிற்கிறாய். கம்பியைத் தாண்டி வந்து அவளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன்தான்.

அப்போதுதான் அவன் கடைசியாகச் சுங்குடியை உருவி எடுத்துத் தூக்கிப் பிடித்தான். இது பிள்ளைச் சாமான் இல்லையே, வெளியே வை என்று சைகை காட்டினான். நீ அதைப் பார்த்தாய். திரும்பி என்னைப் பார்த்தாய். நீ எறிந்துவிடுவாய் என்றே நினைத்தேன், எறிந்திருந்தால் நியாயம்தான். ஆனால் நீ அதை அவன் கையிலிருந்து வாங்கி ஒரு உதறு உதறினாய். கோட்டுக்கு மேலே தோளைச் சுற்றிப் போட்டு, பிள்ளையையும் சேர்த்து இழுத்து இடுப்பில் முடிந்தாய். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உடம்பில் இருப்பதை நீங்கள் நிறுப்பதில்லையே என்று கேட்டாயாம், பக்கத்தில் நின்ற உதுமான் வந்து சொன்னான். ஏட்டி, உனக்கு இத்தனை துணிச்சல் எங்கிருந்து வந்தது? உன் அத்தான் ஆபீஸில் போய் உளறியதும் வீண் போகவில்லை.

அப்புறம் நான் வழியனுப்புகிறவர்கள் நிற்கிற மேல்மாடத்துக்கு ஓடினேன். நீ வெயிலில் அந்தப் பெரிய வெள்ளை ஏரோப்ளேனைப் பார்த்து நடந்தாய். காற்றில் பச்சை முந்தானை உனக்குப் பின்னால் பறந்துகொண்டு வந்தது. முதலில் சொர்ணம் மூக்கைத் துணியில் உரசினாள். பாதி தூரத்தில் அவள் தலை உன் தோளில் சாய்ந்தது. படியேறும்போது அவள் கால் இரண்டும் தொளதொளவென்று தொங்கின. தூங்கிவிட்டாள் என்று அந்தக் காலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லது. அவளை எழுப்பியிருப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் உத்தரத்துக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அத்தான் அதில் வாழைத்தார் தொங்கவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். கூடாது என்றேன். மறுநாள் நானே, சரி, தொங்கவிடுங்கள் என்றேன். இப்போது பழம் பழுத்து வீடெல்லாம் மணக்கிறது.

வடிவு, ஒரு காரியம் சொல்கிறேன், அப்படியே செய். அந்தச் சேலையை இப்போது துவைத்துவிடாதே. குளிரோ இருட்டோ, அவள் அழுகிறபோது உன் தோளில் போட்டுக்கொள். அங்கே உத்தரமில்லாவிட்டால் என்ன, உன் தோளே போதும். என்றைக்காவது ஒருநாள் அவள் அதைத் தேடாமல் உன் மடியில் தானாகத் தூங்குவாள். சீக்கிரமே தூங்குவாள். அன்றைக்கு அதை எடுத்து நல்ல சோப்பு போட்டு இரண்டு தடவை அலசு. ஒரு மணமும் மிச்சமில்லாமல் அலசு. அந்த ஊரில் வெயில் இருந்தால் வெயிலில் உலர்த்து. அப்புறம் அதை நீ உடுத்திக்கொள், அது உனக்கு நன்றாக இருக்கும்.

மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். அந்தச் சேலையை வெளுத்த அன்றைக்கு மட்டும், வெளுத்தாச்சு என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

சொர்ணத்தின் பெரியம்மா,
ஆறுமுகத்தாய்